சின்ன ஊருக்குப் போகலாமா? கும்பகோணத்தைக் கேட்டுப் பார்ப்போம்

"பேசாம சென்னையைக் காலி பண்ணிட்டு ஏதாவது சின்ன ஊராப் பாத்து செட்டில் ஆயிடலாம்ப்பா" - இந்த வசனத்தை ஒரு தடவையாவது சொல்லாத ஆள் என் நட்பு வட்டத்தில் கிடையாது. ஒருத்தருக்கு வாடகை, ஒருத்தருக்கு டிராபிக், இன்னொருத்தருக்கு தண்ணி லாரி. உடனே எதிரணி எழுந்துக்கும். "ஆஸ்பத்திரிக்கு எங்க போவே? புள்ளைங்க படிப்பு? வேலை போச்சுன்னா அந்த ஊர்ல வேற வேலை கிடைக்குமா?" அப்புறம் பட்டிமன்றம்தான். நடுவர் தீர்ப்பு சொல்லாமலேயே கூட்டம் கலையும்.

எனக்கு இந்த மாதிரி விவாதம் வந்தாலே பழைய கதையைத் தோண்டிப் பார்க்கிற புத்தி. இது என்னவோ ஐ.டி. காலத்துக் கேள்வி மாதிரி நாம பேசிக்கிறோம். ஆனா நம்ம தாத்தாவுக்குத் தாத்தா காலத்திலேயே இதே கேள்வி இருந்திருக்கு. அவங்க போன ஊர், திரும்பி வந்த ஊர், அதனால் கிடைச்சது, போனது எல்லாம் வருஷத்தோட பதிவாகியும் இருக்கு. அதைக் கொஞ்சம் பார்க்கலாம்னுதான் இந்தப் பதிவு. ஊர்: கும்பகோணம்.

ஏன் கும்பகோணம்? 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கும்பகோணத்தில் சுமார் 50 ஆயிரம் பேர், சென்னையில் சுமார் 4 லட்சம் பேர். 2011 கணக்கெடுப்பில் கும்பகோணம் 1.4 லட்சம், சென்னை 46 லட்சம். அதாவது 130 வருஷத்தில் சென்னை பதினோரு மடங்குக்கு மேல் பெருத்துப் போச்சு. கும்பகோணம் மூணு மடங்கு கூட ஆகலை. 2021-ல் மாநகராட்சியாக்கிட்டாங்க, சந்தோஷம். ஆனாலும் மனசளவில் அது இன்னமும் சின்ன ஊர்தான். (கும்பகோணத்துக்காரங்க கோவிச்சுக்காதீங்க, இதைப் பாராட்டாத்தான் சொல்றேன்.)

*

முதல் ஆள் உ.வே.சாமிநாதையர். 1880-ல் கும்பகோணம் அரசு கல்லூரியில் தமிழாசிரியர் வேலை. தியாகராச செட்டியார் ஓய்வு பெறும்போது தன் இடத்துக்கு இவரைச் சிபாரிசு பண்ணிட்டுப் போனார். 25 வயசு. அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ்னு அந்தக் காலத்துப் பாடத்திட்டம் முழுக்கக் கரைச்சுக் குடிச்சவர்.

அதே வருஷம் அந்த ஊருக்கு முன்சீப்பாக மாற்றலாகி வந்தவர் சேலம் இராமசாமி முதலியார். இவர் மரியாதைக்குப் பார்க்கப் போனார். என்ன படிச்சிருக்கீங்கன்னு அவர் கேட்க, இவர் ஒரு பெரிய பட்டியலை ஒப்பிச்சார். அவர் முகத்தில் சலனமே இல்லை. இதெல்லாம் படிச்சு என்ன பிரயோசனம், சிந்தாமணி படிச்சிருக்கீங்களா என்கிற மாதிரி கேட்டார். அந்த ஒரு கேள்விதான் உ.வே.சா.வின் வாழ்க்கையைத் திருப்பியது. நம்ம கையில் இன்னிக்கு இருக்கிற சங்க இலக்கியப் பதிப்புகளில் பெரும்பகுதியோட கதை அந்தச் சந்திப்பில்தான் ஆரம்பிக்குது.

இதைச் சின்ன ஊர்க் கணக்கில் வச்சுப் பாருங்க. முன்சீப்பும் காலேஜ் தமிழ் வாத்தியாரும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்காம இருக்கவே முடியாத சைஸ் ஊர் அது. சென்னையில் இருந்திருந்தா அவர் ஒரு வட்டம், இவர் ஒரு வட்டம்.

அடுத்த விஷயம் இன்னும் சுவாரசியம். சீவக சிந்தாமணி சமணக் காப்பியம். இவர் சைவ மடத்தில் படிச்சவர். நூலில் பாதி சமாச்சாரம் புரியலை. யாரைக் கேட்கிறது? அதே கும்பகோணத்தில் சமணர் குடும்பங்கள் இருந்தன. போய்ப் பார்த்தால், ஒரு வீட்டில் சிந்தாமணி படிச்சு முடிச்சதை விசேஷமாக் கொண்டாடிட்டு இருக்காங்க! தமிழ்ப் புலவர்கள் மறந்தே போன புத்தகம், நடந்து போற தூரத்தில் ஒரு வீட்டில் பாராயணம் ஆகிட்டு இருந்திருக்கு. சந்தேகம் வரும்போதெல்லாம் அங்கே போய் உட்கார்ந்து கேட்டார்.

சிந்தாமணி 1887-ல் வந்தது. பத்துப்பாட்டு 1889. சிலப்பதிகாரம் 1892. புறநானூறு 1894. மணிமேகலை 1898. இந்த அஞ்சும் அவர் கும்பகோணத்தில் குடியிருந்தபோது செய்தவை. சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றலாகிப் போனது 1903-ல்தான். ஆக, சின்ன ஊர்ல உக்காந்துகிட்டு பெரிய வேலை பண்ண முடியாதுன்னு யாராவது சொன்னா இந்த அஞ்சு வருஷ எண்ணையும் அவங்க முன்னாடி வைங்க.

ஆனா மறுபக்கமும் இருக்கு. இந்தப் புத்தகங்களை அச்சுப்போட அவர் சென்னைக்குத்தான் போகணும். நல்ல அச்சுக்கூடம், காகிதம், புத்தகம் வாங்கக்கூடிய ஆட்கள் எல்லாம் அங்கே. லீவு விட்டா மத்தவங்க சொந்தக்காரங்க வீட்டுக்குப் போவாங்க, இவர் புரூஃப் பார்க்க சென்னைக்குப் போவார். 1870களின் கடைசியில் ரயில் வந்துட்டதால் இது நடந்தது. அந்த ரயில் இல்லாம இந்தப் பதிப்புகளை யோசிச்சே பார்க்க முடியலை.

*

ரெண்டாவது ஆள், சிந்தாமணி வெளிவந்த அதே 1887-ல் பிறந்தவர். சீனிவாச ராமானுஜன். பிறந்தது ஈரோடு, வளர்ந்தது கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெரு. 1904-ல் அதே அரசு கல்லூரியில் சேர்ந்தார். உ.வே.சா. சென்னை போய் ஒரு வருஷம் கூட ஆகலை. ரெண்டு பேரும் ஒரே வராண்டாவில் எதிர்ப்படாம மயிரிழையில் தப்பிட்டாங்க :-)

ராமானுஜனுக்குக் கும்பகோணம் என்ன கொடுத்தது? 1903-ல் கார் என்பவர் எழுதிய கணிதச் சுருக்கப் புத்தகம் கையில் கிடைச்சது. ஆயிரக்கணக்கான தேற்றங்கள், நிரூபணம் பெரும்பாலும் இல்லாம வரிசையாக அடுக்கியது. திண்ணையில் உட்கார்ந்து சிலேட்டில் போட்டுப் போட்டு அழிச்சார். வீடு சொந்தம், சாப்பாடு அம்மா கையால். ஒரு வேலையும் இல்லாம ஒரு பையன் வருஷக்கணக்காக் கணக்குப் போட்டுக்கிட்டு இருக்க முடிஞ்சது அந்த ஊரில்.

ஆனா அந்த ஊரில் இவர் எழுதினதைப் படிச்சு 'இது சரி, இது புதுசு'ன்னு சொல்ல ஆள் இல்லை. மத்த பாடங்களில் தோத்து உதவித்தொகை போச்சு. 1906-ல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார், அங்கேயும் தோல்வி. இந்தியக் கணிதக் கழகத்தை ஆரம்பிச்ச வி.ராமசாமி ஐயர் அப்போ திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டர். நோட்டைத் தூக்கிக்கிட்டு அங்கே போனார். அதுக்கப்புறம் நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ். 1912 மார்ச் 1-ஆம் தேதி சென்னைத் துறைமுகத்தில் மாசம் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தா வேலை. அங்கே தலைமைக் கணக்கராக இருந்த நாராயண ஐயருக்குக் கணிதம் தெரியும். 1913 ஜனவரியில் ஹார்டிக்கு கடிதம் போனது இந்தத் துறைமுக விலாசத்திலிருந்துதான்.

திரும்பி வந்த கதை இன்னும் கொடுமை. 1919 மார்ச்சில் இங்கிலாந்திலிருந்து உடம்பு முடியாம வந்து இறங்கினார். நல்ல காத்துக்காகக் காவிரிக்கரையில் கொடுமுடி. அப்புறம் கும்பகோணம். உடம்பு தேறலை. 1920 ஜனவரியில் வைத்தியத்துக்காக மறுபடி சென்னை. 1920 ஏப்ரல் 26-ல் சேத்துப்பட்டில் காலமானார். 32 வயசு. அந்தக் கடைசி மாசங்களில்தான் 'மாக் தீட்டா' சார்புகள் பற்றி ஹார்டிக்கு எழுதினார். மூளைக்கு எந்த ஊரும் போதுமாயிருந்தது. உடம்புக்குத்தான் போதலை.

*

இந்த ரெண்டு வாழ்க்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வச்சுப் பார்த்தப்போ எனக்குத் தோணினது இதுதான். நமக்கு வேணுங்கிறதை ரெண்டாப் பிரிக்கலாம். தினமும் வேணுங்கிறது ஒரு ரகம்: வீடு, சாப்பாடு, நேரம், அக்கம்பக்கம், பேச்சுத்துணை. எப்பவாவது வேணுங்கிறது இன்னொரு ரகம்: அச்சுக்கூடம், பெரிய டாக்டர், கோர்ட்டு, நம்ம வேலையைப் புரிஞ்சுக்கிற அந்த ஒரே ஒரு ஆள்.

முதல் ரகத்தில் சின்ன ஊர் சுலபமா ஜெயிக்கும். ரெண்டாவது ரகத்தில் பெரிய நகரம். ஊர் மாறிப் போய் ஆறு மாசம் ஆனவங்க எல்லாம் "சொர்க்கம்ப்பா"ன்னு சொல்றதுக்குக் காரணம், அந்த ஆறு மாசத்தில் ரெண்டாவது ரகம் தேவைப்பட்டிருக்காது. ஆனா வாழ்க்கை திரும்புறது அந்த 'எப்பவாவது'லதான். துறைமுகத்து வேலை, முன்சீப் கேட்ட கேள்வி எல்லாம் ஒரு தடவை நடக்கிற சமாச்சாரம். முன்சீப் விஷயத்தில் அதிர்ஷ்டம் சின்ன ஊருக்கே மாற்றலாகி வந்தது. எல்லாருக்கும் அப்படி வராது.

*

நிக்கலாம்னா இங்கேயே நின்னுடலாம். ஆனா ஒரு பெரிய விஷயத்தை விட்டுட்டா இந்தக் கணக்கு பொய்க்கணக்கு ஆயிடும். 'தினமும் வேணுங்கிறது' சின்ன ஊரில் நல்லா இருக்கும்னேனே, யாருக்கு?

இரட்டைமலை சீனிவாசன். செங்கல்பட்டுப் பக்கம் கோழியாளம் என்ற ஊரில் பிறந்த தலித் தலைவர். பின்னாளில் அம்பேத்கரோடு லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போனவர். இவர் படிச்சது கோயமுத்தூரில். 1880களில் கோயமுத்தூர் கும்பகோணத்தை விடச் சின்ன ஊர், சொன்னா நம்ப மாட்டீங்க. 1939-ல் வெளிவந்த அவருடைய ஜீவிய சரித்திரச் சுருக்கத்தில் அந்த நாட்களைப் பற்றிச் சொல்றார். கல்லூரியில் சுமார் 400 மாணவர்கள், பத்துப் பேர் தவிர எல்லாரும் பிராமணர்கள். நெருங்கிப் பழகினா சாதி, குலம், இருப்பிடம் தெரிஞ்சுடும்னு பயம். அதனால் வெளியே எங்கேயாவது உட்கார்ந்து படிச்சுட்டு, மணி அடிச்ச பிறகுதான் வகுப்புக்குள் போவாராம். வகுப்பு விட்டதும் வேகவேகமா வீட்டுக்கு. பையன்களோடு விளையாட முடியாத வருத்தம் அவருக்கு ரொம்ப நாள் இருந்திருக்கு.

உ.வே.சா.வுக்கு வரமா இருந்த அதே விஷயம்தான் - எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும் என்பது - இவருக்குச் சாபமாகப் போச்சு. "நீங்க யாரு வீட்டுப் பிள்ளை?" என்ற கேள்வியில் ஒருத்தருக்குக் காபி கிடைக்கும், ஒருத்தருக்கு வாசல் அடைக்கும். நீலகிரியில் கொஞ்ச வருஷம் கணக்கர் வேலை பார்த்துட்டு 1890-ல் அவர் சென்னைக்கு வந்தார். 1893-ல் 'பறையன்' பத்திரிகையை ஆரம்பிச்சார். எந்தப் பெயரை யாரும் கேட்டுடக் கூடாதுன்னு ஒதுங்கி ஓடினாரோ, அதே பெயரைப் பத்திரிகைத் தலைப்பாப் போட்டு விக்கிற தைரியத்துக்குச் சென்னையில்தான் இடம் கிடைச்சது. சென்னை மட்டும் யோக்கியமான்னா இல்லை. அங்கேயும் சேரி இருந்தது, ஒதுக்கல் இருந்தது. ஆனாலும் கூட்டத்தில் கரையறதுக்கு ஒரு வசதி இருந்தது.

அம்பேத்கர் 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தைக் கடுமையாக் கிழிச்சு எடுத்தது இந்த அனுபவங்களின் தொடர்ச்சிதான். இன்னிக்கும் சின்ன ஊரில் வீடு தேடினா மூணாவது கேள்வியா என்ன வருதுன்னு உங்களுக்கே தெரியும்.

*

இப்போ ஒரு ஊரே சின்ன ஊருக்குக் கிளம்பின கதை. 1942.

பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தது. மார்ச் 8-ல் ரங்கூன். அந்த மாசமே அந்தமான். ஏப்ரல் 5 கொழும்பில் குண்டு, 6-ஆம் தேதி விசாகப்பட்டினம், காக்கிநாடா, 9-ஆம் தேதி திருகோணமலை. அடுத்தது மெட்ராஸ்தான்னு எல்லாரும் முடிவே கட்டிட்டாங்க. அவசியம் இல்லாதவங்க ஊரை விட்டுப் போயிடுங்கன்னு அரசாங்கமே சொன்னது. அரசு அலுவலகங்கள் பலவும் உள்நாட்டு ஊர்களுக்கு மூட்டை கட்டின. உயிர்க்காலேஜில் இருந்த கொடிய மிருகங்களைக் கூண்டுக்குள்ளேயே சுட்டுக் கொன்னாங்க, குண்டு விழுந்து தப்பிச்சுட்டா என்ன பண்றதுன்னு.

அந்தக் கூட்டத்தில் 87 வயசு உ.வே.சா.வும் ஒருத்தர். திருவல்லிக்கேணி வீட்டை விட்டு திருக்கழுக்குன்றத்துக்குக் குடிபோனார். ஏப்ரல் 28-ல் அங்கேயே காலமானார். வாராவாரம் ஆனந்த விகடனில் எழுதிட்டு வந்த 'என் சரித்திரம்' பாதியில் நின்னு போச்சு. அவரோட ஏடுகளும் புத்தகங்களும் அடுத்த வருஷம், 1943-ல், அவர் பெயரில் நூலகமானது. எங்கே? சென்னையில்தான்.

போன ஜனங்க என்ன ஆனாங்க? அண்ணன் வீடு, மாமனார் வீடு, பூர்வீக வீடுன்னு ஒண்டிக்கிட்டாங்க. அப்படி ஒண்ணு இருந்தவங்களுக்குத்தான் அந்த வசதி. பர்மா அரிசி நின்னு போய் பட்டணத்தில் தட்டுப்பாடு வந்தப்போ, தஞ்சாவூர் பக்கம் சொந்த நெல் இருந்தவங்க பிழைச்சாங்க. ஜப்பான்காரன் படையெடுத்து வரவே இல்லை. 1943 அக்டோபரில் ஒரே ஒரு விமானம் வந்து துறைமுகப் பக்கம் சில குண்டுகளைப் போட்டுட்டுப் போனதோட சரி.

அதுக்கு முன்னாடியே ஜனங்க திரும்ப ஆரம்பிச்சுட்டாங்க. ஏன்னா சம்பளம் மெட்ராஸில். துறைமுகம், மில், பாங்கி, கோர்ட்டு எதையும் பெட்டியில் கட்டி எடுத்துட்டுப் போக முடியலை. 1941-ல் 7.77 லட்சமா இருந்த ஊர், எல்லை விரிவையும் சேர்த்து 1951-ல் 14 லட்சத்தைத் தாண்டிடுச்சு. காலியாகப் போன ஊர் அடுத்த கணக்கெடுப்பில் கிட்டத்தட்ட ரெட்டிப்பு!

*

1942-க்கு அப்புறம் நாமளே கண்ணால் பார்த்தது 2020. மார்ச்சில் ஊரடங்கு. ஜூன் 19-லிருந்து சென்னையிலும் சுத்துவட்ட மாவட்டங்களிலும் மறுபடி முழு ஊரடங்கு. அதுக்கு முந்தின நாட்களில் ஜி.எஸ்.டி. ரோட்டில் வரிசை கட்டி நின்ன வண்டிகளை மறக்க முடியுமா? ஆனா இந்தத் தடவை ஒரு வித்தியாசம். ஒரு பகுதி ஆட்களுக்கு மட்டும் வேலையும் கூடவே பையில் வந்தது. லேப்டாப்.

இது புது யோசனையும் இல்லை. ஜோஹோ 2011-லேயே தென்காசிப் பக்கம் ஆபீஸ் போட்டாச்சு. ஸ்ரீதர் வேம்பு 2019-ல் மத்தளம்பாறைக்கே குடிவந்துட்டார். அச்சுக்கூடத்தையே கும்பகோணத்துக்குக் கொண்டு வந்த கதை அது. ஆனா கொரோனா முடிஞ்சதும் நிறைய கம்பெனிகள் "வாங்க ராசா ஆபீசுக்கு"ன்னு திரும்பக் கூப்பிட்டுட்டாங்க. வேலை ஊரோட தங்கினவங்க தங்கினாங்க. வேலை லேப்டாப்போட மட்டும் வந்திருந்தவங்க, 1942 ஆளுங்க மாதிரியே திரும்பிட்டாங்க.

இன்னொண்ணும் மாறியிருக்கு, அதையும் நியாயமாச் சொல்லணும். 1920-ல் ராமானுஜனை வைத்தியத்துக்குச் சென்னைக்குக் கொண்டு போக வேண்டியிருந்தது. இன்னிக்குக் கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி 40 கிலோமீட்டர். 'எப்பவாவது வேணுங்கிறது' மெதுவா, ஒண்ணொண்ணா நகர்ந்து வந்துக்கிட்டு இருக்கு. ஆனா எல்லா ஊருக்கும் ஒரே வேகத்தில் வரலை. நீங்க போற ஊருக்கு வந்தாச்சான்னு பார்க்கிறதுதான் புத்திசாலித்தனம்.

அதனால் மாறணும்னு நினைக்கிறவங்க வாடகையையும் காத்தையும் எழுதிப் பார்க்கிறதோட நிறுத்தாதீங்க. மூணு கேள்வி கேட்டுக்கங்க. வருஷத்துக்கு ஒரு தடவை எனக்கு என்ன தேவைப்படும், அது எத்தனை மணி நேரத் தொலைவில் இருக்கு? என் சம்பளம் இந்த ஊரில் இருக்கா, இல்லை யாரோ கூப்பிட்டா திரும்பிப் போகணுமா? மூணாவது, 'நீங்க யாரு வீட்டுப் பிள்ளை'ன்னு இந்த ஊர் கேட்டா, என் வீட்டில் இருக்கிற எல்லாராலும் - என் மனைவி, என் பொண்ணு, எங்களோட வந்து தங்கப் போற நண்பன் - தலை நிமிர்ந்து பதில் சொல்ல முடியுமா?

முதல் ரெண்டுக்கும் ரோடும் ரயிலும் கம்பெனியும் என்னிக்காவது பதில் கொண்டு வந்துடும். மூணாவதுக்கான பதில், ஏற்கெனவே அந்த ஊரில் சௌகரியமா இருக்கிற நம்ம கையிலதான் இருக்கு.